வித்தும் கடனும்: பொதிய மலையின் மேற்குச் சரிவை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

அருகிவரும் பயிரினம் ஒன்றை விதையிலிருந்து முளைப்பித்துப் பெருக்கிக் காத்தல் நல்வினை என்பதில் கருத்து வேறுபாடு எழுவதில்லை. வேறுபாடு எழாமையினாலேயே அதனுள் அடங்கிய அறவியல் வினாக்கள் ஆராயப்படாது நின்றுவிடுகின்றன. காத்தல் யாருடைய கடன்? அக்கடனைத் தள்ளிவைக்க இயலுமா? காக்கப்பெறும் பயிரோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தவரின் இசைவு அதற்கு வேண்டுமா, வேண்டாவா? இவ்வினாக்களுக்கு விடை காண ஒப்பந்தங்களைக் காட்டிலும் விதையின் இயல்பே நல்ல வழிகாட்டி என்பதை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குக் களமாகக் கொள்ளப்பெறுவது திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு மலையடிவாரத்தில், பொன்முடி செல்லும் வழியில் அமைந்த வித்துராப் பகுதி. ஊர்ப்பெயரில் 'வித்து' ஒலிப்பதைக் கொண்டு பெயர்க்காரணம் கற்பிக்கும் ஆசை தமிழாய்வாளர்க்கு எழக்கூடும். மலையாளத்தில் இப்பெயர் தகரம் இரட்டாமல் 'விதுர' என்றே வழங்குவதால் அவ்வாசையை அடக்கிக்கொள்வதே முறை. இவ்வூருக்கு அண்மையில் பாலோட்டில் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. நேருவின் பெயர் பின்னர் அதனோடு சேர்க்கப்பெற்றது. வித்துராவின் மருதாமலையில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கின்றது. இவற்றுக்குப் பின்னே 1868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியமலை. நாம் பொதியில் என்று படித்துப் பழகிய மலைதான் அது. பொருநை இறங்கும் கீழைச் சரிவைப் பற்றி எழுதிக் குவித்துள்ள நாம், நெய்யாறும் கரமனையாறும் இறங்கும் மேலைச் சரிவைப் பெரிதும் நோக்காமலே விட்டுவிட்டோம்.

உலர்த்தக் கூடியதும் உலர்த்தக் கூடாததும்

விதையியலார் விதைகளை அவற்றின் தாங்குதிறன் நோக்கி இரண்டாகப் பகுப்பர். நெல், உளுந்து, எள் போல்வன உலர்த்தினாலும் உயிர்விடாதவை. அவற்றை 5 விழுக்காட்டளவு ஈரப்பதத்திற்கு உலர்த்தி, நீர் உறையும் நிலைக்குக் கீழே 18 முதல் 20 செல்சியசு பாகையில் வைத்தால் பல பத்தாண்டுகள் முளைப்புத்திறன் கெடுவதில்லை. ஈரப்பதம் 1 விழுக்காடு குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதைக் கிடங்கினர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. இசுரேலின் மசாடாக் கோட்டையில் அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005ஆம் ஆண்டு முளைத்தது. நார்வே நாட்டின் சுவால்பார்டில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற உலக விதைக் காப்பறை இவ்வியல்பை நம்பியே கட்டப்பட்டது.

மற்றொரு வகை இதற்கு நேர்மாறானது. பலாக்கொட்டையை நிழலில் சில நாள் கிடத்தி, தோல் சுருங்கியபின் நட்டுப் பார்த்தவர் எவரும் அதனை அறிவர், அது முளைப்பதில்லை. மா, இரப்பர், கொக்கோ ஆகியனவும் இவ்வினத்தனவே. உலர்த்தினால் உயிர் போம், ஈரத்தோடு குளிர்வித்தால் உறைந்து சாம், வைத்திருந்தால் தானே முளைத்துவிடும் அல்லது அழுகும். இவ்விருவகைப் பாகுபாட்டை 1973ஆம் ஆண்டு முன்வைத்த ஆங்கில அறிஞர் ராபர்ட்சு, இரண்டாம் வகைக்கு 'அடங்காதது' என்னும் பொருள்படும் சொல்லைப் பெயராக இட்டார். கிடங்கின் ஒழுங்கிற்கு அடங்காதது என்பதே அதன் கருத்து. விதையின் பக்கம் நின்று பார்த்தால் அடங்காமை ஏதும் இல்லை. மழை மாறாத காட்டில் காத்துக் கிடக்க வேண்டிய தேவையே அதற்கு இருந்ததில்லை. 'உலர்வு தாங்கா விதை' என்று தமிழில் சொல்வது போதும்.

என்றும் பசுமையான மழைக்காட்டு மரங்களில் பாதிக்கு அண்மையானவை உலர்வு தாங்கா விதையுடையன என மதிப்பிடப்பட்டுள்ளது. அகத்தியமலைச் சரிவில் வளரும் வெள்ளைக் குங்கிலியம் பருவமழையை ஒட்டிப் பருத்த விதைகளை உதிர்க்கும். சில வாரங்களுள் அவை முளைக்க வேண்டும், இன்றேல் அழியும். பாலோட்டுக்கு வடக்கே குளத்துப்புழைப் பகுதியின் சதுப்புக் காடுகளில் முழங்கால்போல் வேர் மடக்கி நிற்கும் காட்டுச் சாதிக்காய் மரங்களின் நிலையும் இதுவே. இவ்விதைகளை ஆராய்வோர் முதலில் மரம் பூக்கும் காலத்தைக் கண்டறிய வேண்டும். வண்டும் எலியும் இருவாட்சியும் முந்துமுன் பொறுக்க வேண்டும். சதையும் பத்திரியும் நீக்கி, நிழலில் ஆற்றுமணற் படுகையில் உடனே இட வேண்டும். முளைத்தவற்றைப் பைகளில் மாற்றி, ஓரிரண்டு ஆண்டு வளர்த்து, மழை தொடங்குங்கால் காட்டில் நட்டு, அதன்பின் பல ஆண்டுகள் சென்று பார்த்து வர வேண்டும். ஒரே தாய்மரத்து விதையை நம்பினால் தலைமுறை மெலியும். ஆகவே தொலைவிலுள்ள பல மரங்களைத் தேடிச் செல்ல வேண்டும். திசு வளர்ப்பில் ஒன்றைப்போல் ஆயிரம் கன்றுகளை விரைந்து பெறலாம். எனினும் அவ்வாயிரமும் ஒன்றே. ஒவ்வொரு விதையும் தனித்ததொரு கலப்பு என்பதனாலேயே விதைவழிப் பெருக்கத்திற்கு இத்துணை உழைப்பைச் செலவிடுகின்றனர். விதைக்கருவை மட்டும் பிரித்தெடுத்துத் திரவ நைட்ரசனின் கடுங்குளிரில் வைக்கும் முயற்சிகள் உண்டு. அவை சில இனங்களுக்கே கைகூடியுள்ளன.

உண்ணாமை என்னும் அறம்

விதை பற்றிய நம் மரபறம் முதல்வகை விதையிலிருந்து பிறந்தது. பசித்தாலும் விதைநெல்லை உண்ணலாகாது என்பது உழுகுடியின் எழுதாச் சட்டம். பெரியபுராணத்து இளையான்குடி மாற நாயனார் வரலாறு இச்சட்டத்தை அறிந்தோர்க்கே முழுப்பொருள் தரும். நள்ளிரவில் வந்த அடியார்க்கு அமுது படைக்க, அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை மழையிருளில் வாரிக் கொணர்ந்தார் அவர். விதைநெல் உணவாதல் இயல்பான நிகழ்ச்சியாக இருந்திருந்தால் அச்செயலில் வியப்பொன்றும் இராது. எதிர்காலம் முழுவதையும் ஒருவேளை விருந்துக்கு ஈடாக வைத்தமையால்தான் அது தொண்டாயிற்று.

இதன் மறுபுறத்தை இருபதாம் நூற்றாண்டில் காண்கின்றோம். 1941 முதல் 1944 வரை லெனின்கிராடு நகரம் செருமானியப் படையால் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, வாவிலோவ் உலகெங்கும் திரட்டிய விதைத் தொகுதியைக் காத்து நின்ற அறிவியலாளர் பலர் பட்டினியால் மாண்டனர். அவர்களைச் சுற்றி நெல்லும் கோதுமையும் மூட்டைகளில் இருந்தன. வாவிலோவ் தாமும் தம் நாட்டு ஆட்சியால் சிறையிடப்பட்டு 1943ஆம் ஆண்டு சரதோவ் சிறையில் உயிர்நீத்தார். நாயனார் விதையை விருந்துக்கு ஈந்தார்; இவர்கள் விதைக்குத் தம்மை ஈந்தனர். இரண்டும் நேரெதிர்ச் செயல்களாயினும் இரண்டின் அடியிலும் ஒரே நம்பிக்கை உள்ளது: கைவைக்காமல் விட்டால் விதை இருக்கும். அடக்கமே இங்கு அறம்.

மழைக்காட்டு விதையிடம் இவ்வறம் செல்லாது. குங்கிலிய விதையைக் கைவைக்காமல் காப்பவன் ஒரு திங்களில் அதனைக் கொன்றவனாவான். ஒன்றும் செய்யாதிருத்தல் நெல்லுக்குக் காவல், குங்கிலியத்திற்குக் கொலை. நற்செயலை நாளைக்கு ஒத்திவைக்கும் உரிமை நமக்கு உண்டு என்று கருதியே நம் காப்புத் திட்டங்களில் பெரும்பாலானவை வகுக்கப்படுகின்றன. நிதியாண்டு முடிவில் ஒப்புதல் வரும், அடுத்த ஆண்டு ஆள் அமர்த்தப்படுவர் என்னும் நடைமுறை விதையின் நாட்கணக்கோடு பொருந்துவதே இல்லை. ஓராண்டு தவறினால், ஆண்டுதோறும் காய்க்காத மரத்திடம் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதை மரமே முடிவு செய்யும்.

தமிழில் இவ்வேறுபாட்டைச் சுட்ட நல்ல சொற்கள் உள்ளன. சேமித்தல் என்பது வடமொழிச் 'க்ஷேமம்' வழி வந்தது; இடரின்றி வைத்தலைக் குறிப்பது. ஓம்புதல் நம் பழஞ்சொல். விருந்தை ஓம்புகின்றோம், குழவியை ஓம்புகின்றோம், அவற்றைச் சேமிப்பதில்லை. ஓம்பப்படுவது உயிருள்ளது, தேவையுடையது, காலத்தில் நகர்வது. விருந்து நாளைக்கு வருமாறு சொல்லி அனுப்பப்படுவதன்று. நெல்லைச் சேமிக்கலாம், குங்கிலியத்தை ஓம்பத்தான் இயலும்.

அருமை

காக்கத்தக்கது அரியது என்பது பொதுக்கருத்து. 'அருமை' என்னும் சொல்லே கிடைத்தற்கு அரிய தன்மையையும் மதிப்பையும் ஒருங்கே குறித்து இக்கருத்தை நம் மொழிக்குள் பதித்துவிட்டது. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியின் பெருமை, அது எட்டுதற்கரிய மலைப்பிளவில் விளைந்ததனோடு பிணைந்தது. கொடையை எல்லாரும் போற்றினர். அக்கனியின் கொட்டை என்னாயிற்று என்று புலவர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பாரியின் செயல் வேறு வகையானது. முல்லை அரிய கொடியன்று, காடெங்கும் படர்வது. பற்றுக்கோடின்றித் தவித்த ஒரு கொடியின் நிலையே அவனைத் தேரீயச் செய்தது. அங்கே இனம் இல்லை, எண்ணிக்கை இல்லை. இன்றைய காப்பியல் அறிஞரோ இனத்தை நோக்குகின்றார். தனிச்செடி அவர்க்கு இனத்தின் ஓர் உறுப்பு. பாரியின் வழி பரிவின் வழி, அறிஞரின் வழி கணக்கின் வழி என்று பிரித்து, முன்னதை உயர்த்திப் பின்னதைத் தாழ்த்துதல் எளிது. எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பரிவு கண்முன் நிற்கும் கொடியைக் காணும். எதிர்மலையில் கடைசியாக நிற்கும் நான்கு செடிகளைக் கணக்குதான் காணும்.

ஆயினும் அருமையை மட்டுமே அளவையாகக் கொள்வதில் பெரும் இடர் உண்டு. இயல்பிலேயே அரியது, நம்மால் அரியதாக்கப்பட்டது என இருவகை அருமை உண்டு. ஒரே மலைமுடியில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் செடி முதல்வகை. அதன் சிறுமை அதன் இயல்பு. நாம் தீண்டாதிருந்தாலே போதும். இரண்டாம் வகைக்கு அகத்தியமலையின் செருப்பு ஆர்க்கிடு தக்க சான்று. மஞ்சள் மலரும் கருங்கோடும் உடைய இச்செடியை 1865ஆம் ஆண்டு கர்னல் துரூரி கண்டறிந்தார். அவர் பெயரே அதற்கு இடப்பட்டது. இம்மலைத்தொடருக்கு அப்பால் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதாகத் தெரியவில்லை. நெடுங்காலம் காணாமற்போனதாகக் கருதப்பட்டு, 1972ஆம் ஆண்டு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அச்செய்தி பரவியதும் வணிகத்திற்குச் சேகரிப்போர் மலையேறிப் பிடுங்கிச் சென்றனர். அரிது என்று அறிவித்ததே அதனை மேலும் அரிதாக்கியது. பின்னர்ப் பாலோட்டு நிறுவனத்தார் அதனை ஆய்வகத்தில் பெருக்கி மலைக்கு மீளக் கொண்டுசென்றனர்.

இங்கே காத்தல் கொடையாகாது. திருப்பிச் செலுத்தும் கடனாகும். எடுத்தவர் செலுத்த வேண்டிய கடனை ஓர் அரசு நிறுவனம் செலுத்தியது என்பதும் குறிக்கத்தக்கது. ஆர்க்கிடு விதை தூசியினும் நுண்ணியது. உள்ளே உணவுச்சேமிப்பு இல்லை. மண்ணிலும் மரப்பட்டையிலும் வாழும் பூஞ்சையோடு கூடினாலன்றி இயற்கையில் அது முளைக்காது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பெர்னார்டு 1899ஆம் ஆண்டு கண்டறிந்தார். சருக்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே முளைப்பிக்கலாம் என்று 1922ஆம் ஆண்டு அமெரிக்கரான நட்சன் நிறுவினார். ஆய்வகக் கண்ணாடிக்குள் நட்சனின் வழி போதும். மலைக்குத் திரும்பிய செடி தானே விதையீன்று மறுதலைமுறை காண வேண்டுமாயின் பெர்னார்டு கண்ட பூஞ்சை அங்கே இருந்தாக வேண்டும். செடியைக் காத்து இடத்தைக் காவாதுவிட்டால், ஒவ்வொரு தலைமுறைக்கும் மலை ஆய்வகத்தின் கையை எதிர்பார்த்து நிற்கும்.

யாருடைய வித்து

இடம் என்றதும் அவ்விடத்து மக்களைப் பற்றிய வினா எழுகின்றது. அகத்தியமலையின் இருபுறமும் வாழ்பவர் காணிக்காரர். வித்துரா, பெரிங்கம்மலை, குற்றிச்சல் ஊராட்சிகளிலும், தமிழகத்தில் பாபநாசம் மேலணை, பேச்சிப்பாறைப் பகுதிகளிலும் அவர்தம் குடியிருப்புகள் உள்ளன. 'காணி' கல்வெட்டு வழக்கில் வழிவழி வரும் நிலவுரிமையைக் குறிப்பது. அப்பெயர் தாங்கிய மக்கள் இன்று காட்டில் ஓர் இலை பறிக்கவும் வனத்துறையின் இசைவை நாட வேண்டிய நிலை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

1987ஆம் ஆண்டு, அனைத்திந்திய இனவுயிரியல் ஆய்வுத் திட்டத்தைச் சார்ந்து புஷ்பாங்கதன் தலைமையில் இம்மலையில் நடந்த குழுவினர், வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் காயை அவ்வப்போது மென்று களைப்பறியாது நடப்பதைக் கண்டனர். கேட்டதற்கு உடனே சொல்ல வழிகாட்டிகள் விரும்பவில்லை, வற்புறுத்தியபின் காட்டிக்கொடுத்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டு நிறுவனம் அதன் இலையை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விட்டுணுகிராந்தி ஆகியவற்றோடு சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமப்பங்கு. இவற்றில் பாதி காணிக்காரர்க்கு எனத் தீர்மானிக்கப்பட்டது. அப்பணத்தைப் பெறுதற்கு 1997ஆம் ஆண்டு 'கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்' பதிவு செய்யப்பட்டது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி நிகழ்ச்சியாக உலகெங்கும் இது பேசப்பட்டது. அவ்வகையில் அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. அப்பொழுது பங்கு தருமாறு கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002ஆம் ஆண்டுதான் வந்தது.

எனினும் வித்துரா ஊராட்சிப் பகுதியைச் சார்ந்த காணிப் பெரியவர் சிலர், தம் அறிவைத் தனியார் நிறுவனத்திற்கு விற்பதை எதிர்த்து 1995ஆம் ஆண்டே கேரள முதலமைச்சர்க்கு விண்ணப்பித்தனர். ஆய்வுக்குழுவோடு தொடர்புடையவர் குற்றிச்சல் பகுதியினர். வித்துராவினரும் பெரிங்கம்மலையினரும் கலந்துகொள்ளப்படவில்லை என்பது பின்வந்த ஆய்வாளர் பலரும் சுட்டியது. இவ்வெதிர்ப்பைப் பங்குப் பூசலாகக் குறுக்கிக் காண்போர் உளர். அவ்வாறு கொள்வதற்கில்லை. பங்கு போதாது என்பார் பங்கைக் கூட்டுமாறு கேட்பர். இவர்கள் விற்பனையையே மறுத்தனர். பலர் உடைமையாகிய ஓர் அறிவை ஒருசிலர் காட்டிக்கொடுத்ததால் அனைவரும் ஈந்ததாக ஆகுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. வழிகாட்டிகளின் முதல் தயக்கமும் இவ்வினாவின் மற்றொரு வடிவமே.

இவ்விடத்தில் விதையின் இயல்பு நமக்கு உதவுகின்றது. உரிம ஒப்பந்தம் அறிவைக் கிடங்குப் பொருளாகக் கருதியது: ஒருமுறை எடுத்தால் ஒருமுறை விலை. ஆனால் மருந்துக்கு ஆண்டுதோறும் இலை வேண்டும், இலைக்குச் செடி வேண்டும். காணிக் குடும்பங்கள் ஆரோக்கியப்பச்சையைப் பயிரிட்டு இலை வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. காட்டுச்செடியைப் பிடுங்கிக் கடத்த இது வழிசெய்யும் என்று அஞ்சிய வனத்துறை தடுத்தது. அவ்வச்சம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. செருப்பு ஆர்க்கிட்டின் கதை அதற்குச் சான்று. மேலும், தன் இயற்கையிடத்திற்கு வெளியே வளர்க்கப்பெற்ற செடியில் மருந்துப்பண்பு குன்றுகின்றது என நிறுவனத்தார் அக்காலத்தில் கூறினர். அதுவாயின், சமவெளியில் பெருந்தோட்டம் இட்டுக் காணிக்காரரைத் தவிர்த்துவிடும் வழியும் அடைபடுகின்றது. செடியும் மலையும் மக்களும் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்திருக்க, ஒப்பந்தம் மூன்றையும் தனித்தனியே கையாண்டது. மருந்தும் பணமும் கிடைத்தன. பயிரிடும் உரிமையும் நாற்றங்காலும் காணிக்காரர் கைக்கு உறுதியாக வரவில்லை. குறை இங்கேதான் உள்ளது என்பது என் துணிபு. 2 விழுக்காடு பெரிதா சிறிதா என்பது அதன்பின் கேட்கத்தக்க வினா.

ஓம்புதல் இடையறாச் செயல் என்றோம். ஆய்வுத் திட்டம் மூன்றாண்டிலோ ஐந்தாண்டிலோ முடியும். அறிஞர் ஓய்வு பெறுவர். காடு உதிர்க்கும் வாரத்தில் அங்கேயே இருப்பவர் குடியிருப்பு மக்களே. வித்துராவை அடுத்த கல்லாற்றுக் காட்டில் குடில் அமைத்து மருத்துவம் செய்துவந்த லட்சுமிக்குட்டிக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பிரசவம் பார்க்கும் தாயிடமிருந்து கற்ற நூற்றுக்கணக்கான மருந்துமுறைகளை நினைவில் கொண்டிருந்தார் என்பதற்காக அவரைப் போற்றினோம். நினைவில் இருந்தவை குடிலைச் சுற்றி மண்ணிலும் இருந்தன என்பது போற்றுரைகளில் ஒரு வரியாக மட்டுமே வந்தது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டுச் சிறுவிளைபொருளின்மீதும் பல்லுயிர் சார்ந்த மரபறிவின்மீதும் இம்மக்களின் உரிமையை ஏற்றுள்ளது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், நூல்வழி வந்த மருத்துவ அறிவைப் பயன்படுத்துவோர்க்குப் பங்களிக்கும் கடப்பாட்டிலிருந்து விலக்களித்தது. ஏட்டில் ஏறிய அறிவுக்குக் கடனில்லை, வாயில் வழங்கும் அறிவுக்கே கடன் என்னும் இவ்வேறுபாடு, ஏடுகளைப் பதிப்பிக்கும் தமிழாய்வாளர் வேறு எவரினும் கூர்ந்து நோக்க வேண்டியதாகும். வாய்மொழி மரபைத் தொகுத்து அச்சிடும் நம் செயலே ஒருநாள் ஒரு குடியின் உரிமையை நீக்கும் சான்றாக வைக்கப்படலாம்.

பெயரும் பருவமும்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுக்கு உரையாசிரியர் காலந்தொட்டு அடையாளம் தேடி வருகின்றோம். சிலவற்றிற்கு இன்றும் ஒருமித்த முடிவில்லை. பெயர் நின்றது, செடியோடு அதற்கிருந்த தொடர்பு அறுந்தது. காணிக்காரரின் பயிர்ப்பெயர்களைத் தொகுக்கும் ஆய்வேடுகளிலும் இவ்வறுதி தொடர்கின்றது. வழக்குப் பெயர், தாவரவியல் பெயர், தீர்க்கும் நோய் என மூன்று பத்திகளோடு அட்டவணை முடிந்துவிடுகின்றது. காய் எத்திங்களில் பழுக்கும், உதிர்ந்தபின் எத்தனை நாள் முளைக்கும், எப்பறவை கொண்டுபோம், யாரைக் கேட்டுப் பறிக்க வேண்டும் என்பன கேட்கப்படுவதில்லை. விதையியலார்க்கு முதலில் வேண்டுவன இவையே. களப்பணிக்குச் செல்லும் தமிழ் மாணவர் காணிப் பெரியவரிடம் ஒரே அமர்வில் கேட்டறியக் கூடியனவும் இவையே; அவற்றை அச்சிடலாமா என்பதையும் அவரிடமே, அவர்தம் ஊரார் கூடியிருக்கும்போது, கேட்டறிய வேண்டும்.